ஒன்றையொன்று வெட்டும் ஸ்கெட்ச் கோடுகளைப் பிரிப்பது: எங்கே செய்ய வேண்டும், எங்கே வேண்டாம்?

கோத்தகிரிப் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இரும்புக் கதவு, ஜன்னல் கிராதி, கைப்பிடிச் சட்டம் போன்ற வேலைகளைச் செய்யும் பட்டறை எங்களுடையது. ஒரு பழைய பங்களாவின் பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே வைப்பதற்காகக் காற்றோட்டத் தகடு ஒன்று கேட்டிருக்கிறார்கள். பனிமூட்டமும் மழையும் மாறி மாறி வரும் மாதங்களில் மச்சுக்குள் ஈரம் தங்கி மரம் பூசணம் பிடிப்பதால், காற்று போய்வர வழி வேண்டும் என்பது அவர்களின் தேவை.

தகடு 680 மிமீ சதுரம், 3 மிமீ கனம். சுற்றிலும் 40 மிமீ சட்டம் விட்டால் உள்ளே 600 மிமீ சதுரம் கிடைக்கிறது. அதற்குள் நெடுக்காக 5 பட்டைகள், குறுக்காக 5 பட்டைகள், ஒவ்வொன்றும் 12 மிமீ அகலம். ஆகவே 90 மிமீ சதுரத்தில் 36 திறப்புகள் வருகின்றன. இவற்றின் மேல் மூலைக்கு மூலை இரண்டு சாய்வுப் பட்டைகள், அவையும் 12 மிமீ அகலம்தான்.

ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருளின் 1.0 பதிப்பில் எல்லாப் பட்டைகளின் ஓரக்கோடுகளையும் ஒரே ஸ்கெட்சில் (தளத்தில் வரையும் கோட்டுப்படம்) வரைந்திருக்கிறேன். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் பேட் (கோட்டுப்படத்துக்குக் கனம் தந்து திடப்பொருளாக்குவது) கொடுக்க முடியவில்லை. ஸ்ப்ளிட் கருவியை எடுத்து ஒவ்வொரு சந்திப்பாகப் பிரித்துக்கொண்டு போனால், கொஞ்ச தூரம் போனதும் கோடுகள் இடம் நகர்கின்றன. வெட்டும் இடங்களில் எல்லாக் கோடுகளையும் ஒரே நேரத்தில் பிரிக்க வழி உண்டா? கோயம்புத்தூரில் லேசர் வெட்டுபவரிடம் டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாகக் கொடுக்க வேண்டும்.

கூடலூர்ப் பயிற்றுநர் எழுதியது:

வணக்கம். உங்களுக்குத் தேவைப்படுவது ஸ்ப்ளிட் அன்று, டிரிம் என்று நினைக்கிறேன். ஃப்ரீகேடின் ஸ்ப்ளிட் நீங்கள் சொடுக்கிய இடத்தில் கோட்டை இரண்டாக்கும். குறுக்கே போகும் கோட்டோடு அந்தப் புள்ளியைக் கட்டுவது உங்கள் பொறுப்பு. கட்டாமல் விட்ட புள்ளி அடுத்த மாற்றத்தின்போது நகர்வது இயல்பே. டிரிம் அப்படியல்ல. சொடுக்கிய துண்டின் இருபுறமும் அருகிலுள்ள சந்திப்புகளைத் தானே கண்டுபிடித்து, இடையிலுள்ளதை நீக்கி, வெட்டப்பட்ட முனைகளைக் குறுக்குக் கோட்டின் மேல் நிற்கும்படி கட்டுப்பாடும் (கோடுகளின் இடத்தையும் அளவையும் பிணைக்கும் விதி) இட்டுவிடும்.

மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: வேண்டாத துண்டு எது என்று முதலில் கண்ணால் பார், பிறகு அதை மட்டும் டிரிம் செய். வேறு வரைவு மென்பொருளான ஆட்டோகேடில் 2021 பதிப்பிலிருந்து டிரிம் கட்டளை எல்லாக் கோடுகளையும் வெட்டும் விளிம்புகளாகவே எடுத்துக்கொள்வதால், சுட்டியை இழுத்துக்கொண்டே போகலாம். துண்டை நீக்காமல் ஒரு புள்ளியில் மட்டும் பிரிக்க வேண்டுமானால் பிரேக் அட் பாயின்ட் இருக்கிறது. லிப்ரேகேடில் அதே வேலைக்கு டிவைடு. சாலிட்வொர்க்ஸில் ஸ்ப்ளிட் என்டிட்டீஸ். அங்கே முழு வட்டத்தைப் பிரிக்க இரண்டு புள்ளிகள் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பொறுமையாகச் செய்தால் உங்கள் வேலை ஒரே ஸ்கெட்சில் முடியும்.

குன்னூர் வரைவகம் எழுதியது:

பயிற்றுநர் ஐயா சொன்ன கருவி விளக்கம் முழுவதும் சரியானது. ஆனால் இந்தத் தகட்டுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

தம்பி, சாய்வுப் பட்டைகளை ஒதுக்கிவிட்டு நெடுக்கு, குறுக்குப் பட்டைகளை மட்டும் பாருங்கள். ஒரு பட்டைக்கு இரண்டு ஓரக்கோடுகள் என்பதால் நெடுக்கில் 10 கோடுகள், குறுக்கில் 10 கோடுகள், சந்திப்புகள் 100. ஒவ்வொரு கோடும் 10 இடத்தில் வெட்டுப்பட்டு 11 துண்டாகிறது. 20 கோடுகளுக்கு 220 துண்டுகள். அவற்றில் திறப்பின் ஓரமாக அமையும் 90 மிமீ துண்டுகள் 120. பட்டைமேல் பட்டை ஏறும் இடத்தில் கிடக்கும் 12 மிமீ துண்டுகள் 100. இந்த 100 துண்டுகளும் நீக்கப்பட வேண்டியவை. சட்டத்தின் உள்விளிம்பிலும் பட்டைகள் வந்து முட்டுகின்ற இடங்களில் நீக்க வேண்டியவை 20. ஆக 120 சொடுக்குகள், அதன் பிறகுதான் சாய்வுப் பட்டைகள். அத்தனையையும் பிழையின்றிச் செய்து முடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பங்களாக்காரர் வந்து 12 மிமீ பட்டை மெலிதாகத் தெரிகிறது, 15 ஆக்குங்கள் என்று கேட்டால், நூற்றுக்கணக்கான துண்டுகளுக்கிடையே அந்த ஒரு மாற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நீங்கள் பிரிக்க விரும்பும் சந்திப்புகள் உண்மையில் எவை என்று பார்த்தால், பெரும்பாலானவை பொருளில் இல்லவே இல்லை. வெட்டி முடித்த தகட்டில் நெடுக்குப் பட்டையும் குறுக்குப் பட்டையும் சேரும் இடத்தில் எந்தக் கோடும் கிடையாது, ஒரே இரும்புதான். வரைவதற்கு வசதியாக இருந்ததால் பட்டைகளைத் தனித்தனியாக வரைந்தீர்கள்; அப்படி வரைந்ததனால் மட்டுமே அந்தச் சந்திப்புகள் தோன்றின. ஆகவே அவற்றைப் பிரிப்பதைவிட, தோன்றாதபடி வரைவதே முறை.

செய்யும் விதம் இது. ஃப்ரீகேடின் பார்ட் டிசைன் பகுதியில் 680 மிமீ சதுரத்தை மையம் ஆதிப்புள்ளியில் இருக்கும்படி வரைந்து 3 மிமீ பேட் கொடுங்கள். ஒரு மூலையில் 90 மிமீ சதுரம் ஒன்றை மட்டும் வரைந்து பாக்கெட் (தகட்டில் துளை வெட்டுவது) போடுங்கள். அதை, ஒரே வடிவத்தைச் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வைக்கும் லீனியர் பேட்டர்னில் ஒரு திசைக்கு 6, மறு திசைக்கு 6 என்று பரப்புங்கள். ஒரு திறப்பின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரையிலான தூரம் 90-உம் 12-உம் சேர்ந்து 102, ஆகவே பேட்டர்னின் மொத்த நீளம் 510. இரண்டு திசையையும் ஒன்றாகக் கட்ட மல்டி டிரான்ஸ்ஃபார்ம் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் 36 திறப்புகள் உள்ள தகடு கைக்கு வந்துவிட்டது, ஒரு கோட்டைக்கூட நீங்கள் பிரிக்கவில்லை.

அடுத்து, புதிய ஸ்கெட்சில் 12 மிமீ அகலமும் 860 மிமீ நீளமும் உள்ள ஒரு செவ்வகத்தை 45 பாகையில் மையத்தின் வழியே வைத்து 3 மிமீ பேட் கொடுங்கள். 600 மிமீ சதுரத்தின் மூலைவிட்டம் 848.5 மிமீ என்பதால் இருமுனையும் சட்டத்துக்குள் புதைந்துவிடும். மற்றொரு சாய்வுப் பட்டையை அதே ஸ்கெட்சில் வரைய வேண்டாம், வரைந்தால் வெட்டும் கோடுகள் மறுபடி வந்துவிடும். முதல் பட்டையை மிரர்டு கொடுத்து நடுத்தளத்தின் மறுபக்கம் எதிரொளியுங்கள். பட்டை திறப்புகளைக் கடக்கும் இடங்களில் விளிம்புகளைக் கண்டுபிடித்துப் பிரிப்பதையும் சேர்ப்பதையும் ஃப்ரீகேடின் உள்ளே இருக்கும் ஓப்பன்கேஸ்கேட் என்ற வடிவக் கணக்கு நிரல் தானே செய்கிறது. கோடுகளைப் பிரிக்கும் வேலை இல்லாமல் போகவில்லை. அதைச் செய்யத் தகுதியான இடத்துக்குப் போயிருக்கிறது.

இப்போது பட்டை அகலத்தை 15 ஆக்க வேண்டுமானால் திறப்பு 87.5, இடைத்தூரம் 102.5, பேட்டர்ன் நீளம் 512.5. இந்த எண்களை ஸ்ப்ரெட்ஷீட்டில் சூத்திரமாக எழுதி வைத்தால் ஓர் எண்ணை மாற்றியதும் தகடு முழுவதும் மாறிவிடும்.

உதகைக் கணிமை எழுதியது:

கோடுகள் ஏன் நகர்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் சேர்க்கிறேன். தளத்தில் ஒரு கோட்டுத்துண்டை நிர்ணயிக்க நான்கு எண்கள் போதும்: இரு முனைகளுக்கும் இரண்டிரண்டு. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளுக்கு எட்டு. சந்திப்பில் இரண்டையும் பிரித்தால் நான்கு துண்டுகள், அதாவது பதினாறு எண்கள். நான்கு முனைகளும் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும் என்பதில் ஆறு கட்டுப்படும். ஒவ்வொரு கோட்டின் இரு துண்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் என்பதில் ஒன்றொன்றாக இரண்டு. அப்போதுதான் மறுபடி எட்டுக்கு வருகிறோம். ஆறும் இரண்டுமாகச் சேர்ந்த இந்த எட்டுக் கட்டுப்பாடுகளில் ஒன்றை இட மறந்தாலும் அந்த இடத்தில் ஸ்கெட்ச் தளர்ந்துவிடும். ஒன்றை இருமுறை இட்டால் மிகைக்கட்டுப்பாடு என்று எச்சரிக்கை வரும். நெடுக்கு, குறுக்குப் பட்டைகளின் 100 சந்திப்புகளையும் பிரித்தால் 800 புதிய எண்களையும் அவற்றை அடக்க 800 சமன்பாடுகளையும் தீர்வியின் (கட்டுப்பாடுகளைக் கணக்கிட்டுக் கோடுகளை நிறுத்தும் நிரல்) தலையில் ஏற்றுகிறோம்.

சந்திப்புகளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமானதன்று. உங்கள் ஸ்கெட்சில் பட்டைகளின் ஓரக்கோடுகள் 24. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டாலும் 276 இணைகள்தான். பத்தாயிரம் துண்டுகள் உள்ள வரைபடத்தில் அதே முறை ஏறத்தாழ ஐந்து கோடி இணைகளைக் கேட்கும். அதற்காகவே பென்ட்லி, ஓட்மன் என்ற இருவர் 1979-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள்: ஒரு கற்பனைக் கோட்டை வரைபடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்திக்கொண்டே போய், அந்தந்த நேரத்தில் அதன்மேல் அடுத்தடுத்து நிற்கும் துண்டுகளை மட்டும் ஒப்பிடுவது. ஆக, சந்திப்பைக் கண்டுபிடிக்க வழி நெடுங்காலமாக இருக்கிறது. ஸ்கெட்ச் வரையும் பகுதியான ஸ்கெட்சர் தானாகப் பிரிக்காததற்குக் காரணம் பிரித்த பிறகு உள்ள நிலைதான்: நீளம் 600 என்று ஒரு கோட்டுக்கு நீங்கள் இட்ட அளவு, பிரித்த பிறகு எந்தத் துண்டுக்குச் சொந்தம்? அதை மென்பொருள் ஊகிக்க முடியாது.

ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருள் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே ஒரே குழுவுக்குள் வரையும் கோடுகள் குறுக்கிட்ட உடனே தாமாகப் பிரிந்துவிடும். இத்தகைய கட்டுப்பாட்டுத் தீர்வி அங்கே இல்லாததால் அது எளிதாகிறது. ஃப்யூஷனில் வேறு வழி: கோடுகள் பிரியாமலே இருக்க, அவை அடைக்கும் பரப்புகளை மட்டும் மென்பொருள் தனித்தனியாக அடையாளம் கண்டு தேர்ந்தெடுக்கக் கொடுக்கிறது. சாலிட்வொர்க்ஸின் கான்டூர் தேர்வும் அதே வகை.

கூடலூர்ப் பயிற்றுநர் எழுதியது:

குன்னூர் அம்மா சொன்ன வழி இந்தத் தகட்டுக்கு ஏற்றது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. திடப்பொருளாக ஆக்கிச் சேர்க்கும் வசதி எல்லா வரைவுகளுக்கும் கிடையாது. வீட்டு வரைபடம், நில வரைபடம் ஆகியவற்றில் கோடுதான் இறுதிப் பொருள். அங்கேயும் பிரிக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்ல முடியுமா? பிரிக்கத் தெரியாத வரைவாளர் அங்கே நின்றுவிடுவாரே?

உதகைக் கூரை எழுதியது:

கூரை வரைபவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் வேலையில் பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் சந்திப்புக்கு இப்பக்கமும் அப்பக்கமும் உள்ள கோடுகள் வெவ்வேறு பொருள்கள்.

8 மீட்டர் அகலமுள்ள முதன்மைக் கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்து 6 மீட்டர் அகலத்தில் ஒரு பகுதி நீள்கிறது என்று கொள்ளுங்கள்; இரண்டுக்கும் தகரக் கூரை, இரண்டும் 30 பாகைச் சாய்வு, இறவாரம் (கூரையின் கீழ் ஓரம்) ஒரே உயரம். முதன்மை முகடு இறவாரத்திலிருந்து 2.31 மீட்டர் உயரத்தில் இருக்கும், சிறிய பகுதியின் முகடு 1.73 மீட்டரில். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் சிறிய முகட்டை நீட்டிக்கொண்டே போனால் முதன்மை முகட்டை வெட்டுவதாகத் தெரியும். உண்மையில் அது அங்கே போகவே போகாது. முதன்மை இறவாரத்திலிருந்து 3 மீட்டர் உள்ளே, பெரிய கூரையின் சரிவில் முட்டி நின்றுவிடும். இரு கூரைச் சரிவுகளும் சேர்ந்து தண்ணீர் ஓடும் பள்ளக் கூடல்கள் இரண்டும் வந்து சேரும் புள்ளி அதுதான். ஆக, இங்கே பிரிக்க வேண்டிய புள்ளி கண்ணுக்குத் தெரிகிற சந்திப்பு அல்ல. உயரக் கணக்கு காட்டும் சந்திப்பு.

அந்தப் புள்ளியில் கோட்டைப் பிரித்து மேற்பகுதியை நீக்காவிட்டால் முகட்டுத் தகட்டின் நீளம் பிழையாக எண்ணப்படும். இறவாரக் கோட்டையும் பிரிக்க வேண்டும்: சிறிய பகுதி சேரும் 6 மீட்டருக்கு இறவாரமே கிடையாது, அங்கே தண்ணீர்த் தூம்பு போடக் கூடாது. பள்ளக் கூடலின் நீளத்தையும் வரைபடத்தில் அளந்து எழுதிவிடக் கூடாது. வரைபடத்தில் 4.24 மீட்டர், சரிவோடு சேர்த்தால் 4.58 மீட்டர். தென்மேற்குப் பருவமழையில் இந்த ஊரில் ஒழுகுகிற கூரைகளைப் பார்த்தால், ஒழுக்கு இந்தக் கூடலில்தான் தொடங்கும். தகடு குறைந்துபோய் நடுவில் ஒட்டுப் போட்ட கூடல் நிலைக்காது.

முப்பரிமாணத்தில் வரைபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஆட்டோகேடில் வெவ்வேறு உயரத்தில் கிடக்கும் இரண்டு கோடுகள் மேலிருந்து வெட்டுவதுபோலத் தெரிந்தாலும் இன்டர்செக்‌ஷன் ஸ்னாப் (சுட்டியைச் சந்திப்புப் புள்ளியில் நிறுத்தும் வசதி) அவற்றைப் பிடிக்காது. அப்பேரன்ட் இன்டர்செக்‌ஷன் பிடிக்கும். டிரிம் எந்தத் தளத்தில் சந்திப்பைப் பார்க்கிறது என்பதை புரொஜெக்‌ஷன் அமைப்பு முடிவு செய்கிறது. பிறரிடமிருந்து வந்த கோப்பில் ஒரு கோடு பிரிய மறுத்தால் முதலில் இரண்டின் இசட் மதிப்பையும் (உயரம்) பாருங்கள்.

கோத்தகிரி நில அளவை எழுதியது:

நில வரைபடத்தில் இரண்டு வகைக் கோடுகளும் அருகருகே இருப்பதால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒரு புலத்தை உட்பிரிவு செய்யும்போது புதிய எல்லைக்கோடு பழைய எல்லையில் வந்து முட்டும். அந்த இடத்தில் கல் நடுகிறோம். பழைய எல்லை அங்கே இரண்டாகப் பிரிய வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி அளவு எழுத வேண்டும், இரண்டின் கூட்டுத்தொகை பழைய அளவுக்குச் சமமாக வர வேண்டும். கல்லுக்கு இப்பக்கம் ஒருவர் நிலம், அப்பக்கம் வேறொருவர் நிலம்.

அதே வரைபடத்தில் 1,850 மீட்டர் சமஉயரக் கோடு தேயிலைச் சரிவின் குறுக்கே வளைந்து அந்த எல்லைகளையெல்லாம் வெட்டிக்கொண்டு போகும். அதைப் பிரிக்கவே கூடாது. எல்லையைத் தாண்டியதும் அதன் உயரம் மாறிவிடுவதில்லை. யாராவது ஒருவரின் நிலத்துக்குள் மட்டும் அதைக் காட்ட வேண்டுமானால் அந்த நிலத்துக்கென ஒரு நகல் எடுத்து அதை வெட்டலாம். மூலம் முழுதாக இருக்க வேண்டும். சமஉயரக் கோடுகளைத் துண்டுதுண்டாக்கிய கோப்புகள் எங்களிடம் வருவதுண்டு. சில துண்டுகளில் உயர மதிப்பு விடுபட்டிருக்கும், அவற்றைச் சரிவுக் கணக்குக்குப் பயன்படுத்த முடியாது.

குன்னூர் வரைவகம் எழுதியது:

பயிற்றுநர் ஐயாவின் கேள்விக்குக் கூரைக்காரரும் அளவையரும் கொடுத்ததைவிட நல்ல பதிலை என்னால் கொடுக்க முடியாது. சந்திப்பின் இருபுறமும் பொருள் மாறுகிறதா என்று கேட்டால் போதும். இறவாரம் மாறுகிறது, உரிமை மாறுகிறது, அங்கே பிரிக்கிறோம். உயரம் மாறவில்லை, இரும்பு மாறவில்லை. அங்கே பிரிக்காமல் விடுகிறோம். மாணவர்களுக்குப் பிரிக்கும் கருவியைக் கற்பிக்கும் பாடத்திலேயே இந்தக் கேள்வியையும் கேட்கப் பழக்கினால் மிகவும் நல்லது, ஐயா.

இரு பரிமாணத்திலேயே முடிக்க வேண்டியவர்களுக்கும் கையால் வெட்டாத வழிகள் உள்ளன. ஆட்டோகேடில் பவுண்டரி கட்டளை கொடுத்து, அடைபட்ட பரப்புக்குள் ஒரு புள்ளியைத் தொட்டால், கீழே இருக்கும் கோடுகளைத் தொடாமல் அந்தப் பரப்பைச் சுற்றி மூடிய பாலிலைன் (தொடர்கோடு) ஒன்றைத் தனியாக உருவாக்கித் தரும். ஃப்ரீகேடின் பார்ட் பகுதியில் பூலியன் ஃபிராக்மென்ட்ஸ் கோடுகளையும் ஏற்று, வெட்டும் இடங்களில் துண்டாக்கித் தருகிறது. மூல ஸ்கெட்ச் அப்படியே இருக்கும்.

கோத்தகிரிப் பட்டறை எழுதியது:

அக்கா சொன்னபடியே செய்தேன், தகடு வந்துவிட்டது. 24 சதுரத் திறப்புகளும் 24 முக்கோணத் திறப்புகளும் இருக்கின்றன. ஸ்ப்ரெட்ஷீட்டில் 12-ஐ 15 ஆக்கிப் பார்த்தேன், எல்லாம் சேர்ந்து மாறியது. இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. டிஎக்ஸ்எஃப் எடுக்கும்போது எந்தக் கோடும் இருமுறை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? முக்கோணங்களின் கூர்முனைகளை அப்படியே விடலாமா?

குன்னூர் வரைவகம் எழுதியது:

மகிழ்ச்சி, தம்பி. முக்கோணத்தின் செங்கோணப் பக்கங்கள் 81.5 மிமீ வர வேண்டும். அளந்து பாருங்கள், அது சரியாக இருந்தால் சாய்வுப் பட்டை மையத்தில் நிற்கிறது என்று பொருள்.

சாய்வுப் பட்டையின் மேல்முகமும் தகட்டின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், பாடியில் (முழுத் திடப்பொருள்) உள்ள பேட், மிரர்டு இரண்டின் பண்புகளிலும் ரிஃபைன் (ஒரே மட்டத்து முகங்களை ஒன்றாக்கும் அமைப்பு) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பட்டை சட்டத்தோடு சேரும் இடத்தில் தையல் கோடு போல ஒரு விளிம்பு எஞ்சும். லேசர் இயந்திரம் அதையும் வெட்டுகோடு என்றே எடுத்துக்கொள்ளும். பிறகு மேல்முகத்தை மட்டும் தேர்ந்து, டிராஃப்ட் பகுதியில் ஷேப் 2டி வியூ (இரு பரிமாணப் பார்வை) எடுத்து, வகையில் தனி முகங்கள் என்பதை வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். முழுப் பாடியையும் கொடுத்தால் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வாய்ப்புண்டு. ஆட்டோகேட் வைத்திருப்பவரிடம் கொடுத்து ஓவர்கில் கட்டளையை ஒருமுறை ஓட்டச் சொன்னால் இரட்டைக் கோடுகள் போய்விடும். கோப்பில் மூடிய வளையங்கள் 49 இருக்க வேண்டும்: திறப்புகள் 48, வெளிவிளிம்பு ஒன்று. எண்ணிக்கை குறைந்தால் எங்கோ ஒரு வளையம் மூடவில்லை. திரையில் சேர்ந்ததுபோலத் தெரியும் இரண்டு முனைகளுக்கிடையே 0.02 மிமீ இடைவெளி இருந்தாலும் சில வெட்டு மென்பொருள்கள் அதைத் திறந்த கோடாகவே கொள்ளும். அப்போது லேசர் கற்றையின் அகலத்துக்கு ஈடாக வெட்டுகோட்டை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

கூர்முனைகளை அப்படியே விட வேண்டாம். ஒரு முக்கோணத்துக்கு 45 பாகை முனைகள் இரண்டு, மொத்தம் 48. அங்கே லேசர் திரும்பும்போது வெப்பம் ஓரிடத்தில் சேரும், பிறகு அடிக்கும் பெயின்டும் கூர்முனையில் சரியாகப் பிடிக்காது. இந்தப் பனியில் துரு அங்கிருந்துதான் கிளம்பும். கனத்தின் வழியே செங்குத்தாக நிற்கும் அந்த 48 விளிம்புகளைத் தேர்ந்து 2 மிமீ ஃபில்லெட் (கூர்முனையை வளைவாக்குவது) கொடுங்கள். 1.0 பதிப்பில் விளிம்புகளின் அடையாளம் மாறிப்போகும் தொல்லை முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்றாலும், பட்டை அகலத்தை முடிவு செய்துவிட்டு ஃபில்லெட்டைக் கடைசிப் படியாக வைப்பது நல்லது. பங்களாக்காரரிடம் 12-ஆ 15-ஆ என்று கேட்டுவிட்டுக் கோப்பை அனுப்புங்கள்.